குளிர் உடம்புக்காரர்

எங்கள் மலையில் தேயிலைக்கும் ஸ்ட்ராபெரிக்கும் அடுத்தபடியாக நன்றாக விளைவது ஒரு மனித ரகம். குளிர் உடம்புக்காரர். கேமரன் மலையில் எல்லாருக்கும்தானே குளிரும் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் போச்சு. உங்களுக்கு வெளியிலிருந்து குளிர்கிறது, அவருக்கு உள்ளிருந்து குளிர்கிறது. அதை விளக்கி முடிக்கும்வரை நீங்கள் எங்கும் போக முடியாது.

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் இந்த ரகத்தின் பெயர் நிக்கலஸ். எஸ்டேட் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. கொரோனா காலத்தில் வேலைக்கு வருகிறவர்கள் நெற்றியில் வைத்துச் சூடு பார்த்தார்களே, அந்தத் துப்பாக்கி பிறகு கேட்பாரற்று ஸ்டோரில் கிடந்தது. ஒரு காலையில் அதைத் தூசி தட்டித் தன் நெற்றியில் வைத்து அழுத்தினார். முப்பத்தைந்து புள்ளி நாலு. விடியற்காலைப் பனியில் நெற்றியைக் காட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய மனிதருக்கு வேறு எவ்வளவு காட்டும்? அவர் அதை யோசிக்கவில்லை. போனைத் திறந்து தேடினார். உடம்புச் சூடு குறைவதற்கும் தீராத அசதிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு வீடியோவில் யாரோ சொன்னார். அந்த 'இருக்கலாம்' என்பதை அங்கேயே இறக்கிவிட்டு, மற்றதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து அவர் செய்யாத வேலைக்கெல்லாம் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கூரை ஒழுகுகிறதா? சூடு குறைச்சல். சர்ச்சில் கோத்தோங் ரோயோங் என்று கூட்டுத் துப்புரவு, ஊரே துடைப்பமும் கையுமாக நிற்கிறதா? இரண்டு சுவெட்டர், குரங்குக் குல்லா, காலுறை சகிதம் நாற்காலியில் உட்கார்ந்து, தன் நெற்றியில் ஒரு தடவை சுட்டுக்கொண்டு, எண்ணை எல்லாருக்கும் காட்டிவிட்டு, பெருமூச்சு விட்டு, இஞ்சித்தண்ணி கேட்பார்.

இஞ்சித்தண்ணி கொண்டுவருவது ரோஸ்மேரி, அவர் மனைவி. தேயிலை ஃபேக்டரியில் பகல் முழுக்க நின்றபடியே பேக்கிங் வேலை. அந்த அக்கா நாளுக்கு நாள் வாடிக்கொண்டிருந்தார். முகம் ஊதியிருந்தது, சீப்பில் முடி கொத்துக்கொத்தாக வந்தது, எரிகிற அடுப்புக்குப் பக்கத்திலேயே சுவெட்டரோடு நின்றார். வெங்காயம் உரித்தபடியே தூங்கிப்போவார். "சோம்பல்லா" என்பார் நிக்கலஸ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்து நிக்கலஸின் வழக்கமான விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா டம்ளரை நீட்டிக்கொண்டே, யாரிடமும் இல்லாததுபோல் சொன்னார்:

"எனக்கும் ரொம்ப நாளா அப்படித்தாங்க இருக்கு."

"உனக்கு இருக்கறது வெறும் அசதி. எனக்கு இருக்கறது சூடு குறைச்சல்லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துப்பாக்கியை வாங்கி அக்கா நெற்றியில் வைத்தேன். அடுப்படிச் சூட்டிலும் முப்பத்துநாலு புள்ளி ஒன்பது. நிக்கலஸ் எட்டிப் பார்த்தார். பேட்ரி வீக் என்றார். புது பேட்ரி போட்டார். எண் இன்னும் இறங்கியது. மெஷின் கெட்டுப்போச்சு என்று அலமாரியில் போட்டுவிட்டு, மறுநாளே டவுனுக்குப் போய்ப் புதிது ஒன்று வாங்கிவந்தார். தனக்கு.

அந்த வாரமே அக்கா சூடு வைத்துப் பை ஒட்டும் மெஷின் முன்னால் நின்றபடியே கண் செருகிச் சாய்ந்துவிட்டார். பக்கத்திலிருந்த பெண் இழுத்திராவிட்டால் கை சூட்டில் போயிருக்கும். நான்தான் தானா ராத்தா டவுன் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நிக்கலஸும் காரில் ஏறினார். பதறித்தான் போயிருந்தார், பொய் சொல்லக்கூடாது. ஆனாலும் வழியில், அப்படியே தன்னையும் காட்டிவிடலாம் என்றார்.

அக்காவுக்கு ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சுரப்பு ரொம்பக் குறைவு, அசதியும் குளிரும் அதனால்தான், தினமும் மாத்திரை போட்டால் தேறிவிடலாம், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். நிக்கலஸைச் சோதித்துவிட்டு, உங்களுக்கு ஒன்றுமில்லை என்றார். பனியில் நெற்றிச் சூட்டை நம்பக்கூடாது என்றும் சொன்னார். நிக்கலஸ் முகம் தொங்கிப்போனது.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அக்காவுக்கு மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கிறார், அது உண்மை. ஆனால் வருகிறவர்களிடம் இப்படிச் சொல்கிறார்:

"வீட்ல ரெண்டு பேருக்குமே சூடு குறைச்சல். அவளோடத டாக்டர் கண்டுபுடிச்சிட்டாரு. என்னோடது டாக்டருக்கே புடிபடல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது நடுவில் ஒரு தடவை உங்கள் கை நெற்றிக்குப் போனதே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? போகட்டும். உங்களுக்கும் அசதி இருக்கும். தெர்மாமீட்டரை எடுங்கள், தாராளமாகப் பாருங்கள். அதற்கு முன்னால், பக்கத்தில் ஆவி பறக்கும் அந்த டம்ளரைக் கொண்டுவந்து வைத்தவர் யார் என்று பார்த்து, அவருக்கு முதலில் வையுங்கள். எண் குறைவாகக் காட்டினால் பேட்ரியை மாற்றாதீர்கள்.