நான் டேப்பை விரித்தால் தெருவே கதவைச் சாத்துகிறது, மாமா

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

சிவகாசியிலிருந்து மாப்பிள்ளை செல்வக்குமார் பணிவுடன் எழுதுவது. நானும் உங்கள் மகள் கற்பகமும் சுகம். வத்திராயிருப்பில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள், அத்தையின் முட்டிவலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரிங்க மாமா" என்பேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதத்தில்தான் எனக்கு ஒரு முழு வாக்கியம் பேசக் கிடைக்கிறது.

கோயம்புத்தூர் மில்லில் உங்கள் சிநேகிதர் எனக்காகப் பிடித்து வைத்திருக்கும் குடோன் மேனேஜர் வேலைக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றீர்கள். "ஆபீஸைத் திறந்து வச்சுக்கிட்டு ஈ ஓட்டுதீகளாம்ல மாப்ளே" என்றும் கேட்டீர்கள். ஓட்டியது உண்மைதான். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு ஓட்டவில்லை. வீட்டையும் நிலத்தையும் அளந்து, இன்ன விலை பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் தொழில். பேங்கில் யாராவது கடன் கேட்டால்தான் எனக்கு வேலை. இந்த வருஷம் பட்டாசு ஆர்டர் படுத்துவிட்டது. ஆர்டர் படுத்தால் இங்கே யாரும் வீடு கட்டுவதில்லை, கட்டின வீட்டுக்கு மாடி எடுப்பதுமில்லை. பேங்க் மேனேஜர் என்னைக் கண்டால் டீ வாங்கித் தருகிறார், வேலை தருவதில்லை. அதனால்தான் விளம்பரத்தில் இறங்கினேன்.

ஊரே காலண்டர் அடித்துக்கொடுக்கிற ஊர் என்பதால் நானும் ஒரு தினசரிக் காலண்டர் அடித்தேன். என் பெயருக்கு மேல் ஒரு வீட்டுப் படம் இருந்தால் லட்சணமாக இருக்கும் என்று பிரஸ்காரர் சொன்னார், எதிர்வீட்டு ஜெயச்சந்திரன் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார், நான் போட்டோ எடுத்துக்கொடுத்துவிட்டேன். காலண்டர் போன மறுநாளே போன் வர ஆரம்பித்தது. ஒருவர்கூட மதிப்பீடு கேட்கவில்லை, எல்லாரும் "அந்த வீட்டை எம்புட்டுக்குக் குடுப்பீக?" என்றுதான் கேட்டார்கள். ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்து, நேரே ஜெயச்சந்திரன் வீட்டுக்குள் போய், குழாயைத் திறந்து பார்த்து, சமையல்கட்டு வாஸ்துப்படி இல்லை என்று அவர் மனைவியிடமே சொல்லிவிட்டது. ஜெயச்சந்திரன் இப்போது என்னைக் கண்டால் தெருவின் அந்த ஓரமாகப் போகிறார்.

காலண்டர் போனால் போகிறது, ஆளை நேரில் பார்ப்போம் என்று இலவச மதிப்பீடு அறிவித்து நாரணாபுரம் போனேன். அங்கே குருவம்மாள் என்று ஓர் அம்மா, பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி, அன்றைக்கு லீவு. கூலியில் மிச்சம் பிடித்துத் தானே கட்டிய வீடு. "சும்மாதான? அளந்துட்டுப் போங்க தம்பி" என்று டேப்பின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டார். எனக்கு அம்புட்டு சந்தோஷம். ஆனால் டேப்போடு ஒருவன் வீட்டைச் சுற்றினால் இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், கடனுக்கு வீடு ஜப்தி! இது எனக்கு உறைக்கவே இல்லை. சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்றதும், இறங்கிய பெண்கள் அத்தனை பேரும் சேதி கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குத்தான் ஓடியிருக்கிறார்கள். ஒருத்தி கம்மலைக் கழற்றிக் கையில் திணிக்கிறாள். இன்னொருத்தி, "யாரும் அளக்க வந்தா நாங்க வாசல்ல படுத்துக்கிடுவோம்க்கா, நீங்க அழாதீக" என்று சொல்லிவிட்டுத் தான் அழுகிறாள். குருவம்மாள் கையில் கரண்டியோடு ஒன்றும் புரியாமல் நின்றிருக்கிறார்.

மறுநாள் ஆபீஸுக்கே வந்துவிட்டார். "நீங்க நல்ல மனுசர்தான் தம்பி. ஆனா இனிமே எங்க தெருப் பக்கம் வராதீக. அந்த விலை எழுதின தாளை மட்டும் குடுங்க" என்றார். கொடுத்தேன். தொகையைப் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னதும், "இம்புட்டா! நானா கட்டினேன்?" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு நான் பெருமைப்பட்டேன், மாமா. அந்தத் தெருவில் என் தொழில் முடிந்ததும் அன்றுதான்.

அதற்குப் பிறகு என்னைத் தேடி வந்தவர் ஒரே ஒருவர், ஆனைக்குட்டத்து ஊர்க்காவலன் என்பவர். அதுவும் தன் வீட்டை அளக்க அல்ல. "பக்கத்து வீட்டுக்காரன் வீட்டுக்குக் கலர் அடிச்சு ரொம்ப ஆடுதான். அவன் வாசல்ல சும்மா டேப்பை விரிச்சுக்கிட்டு நில்லுங்க, மத்ததை ஊரு பாத்துக்கிடும்" என்றார். நல்ல சம்பளம் பேசினார். கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

ஆகவே, மாமா, எனக்குப் பிடிவாதம் இல்லை. கற்பகத்திடம் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறாள். அவள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். போர்டைக் கழற்றிவிடுகிறேன். மில்லுக்கு வருவதாக உங்கள் சிநேகிதரிடம் சொல்லிவிடுங்கள். எழுதும்போது மனசு வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அத்தைக்கு எங்கள் நமஸ்காரம். உங்கள் ஆசீர்வாதம் எப்போதும் எங்கள் பக்கம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
செல்வக்குமார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் போன் வந்தது. "மாப்ளே, தோப்பையும் வீட்டையும் அளந்து என்ன பெறும்னு எழுதணுமாம், பேங்க்ல கேக்காக. கொஞ்சம் பணக் கஷ்டம். கற்பகத்துக்குத் தெரிய வேணாம்" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வழக்கம்போல வைத்துவிட்டீர்கள். சொல்ல வந்தது இதுதான். சொந்தக்காரர் சொத்துக்கு நான் கையெழுத்துப் போடக்கூடாது. ராஜபாளையத்தில் என் நண்பர் பாண்டிராஜ் போடுவார், அவர் குறைத்து எழுதிவிடாதபடி நான் பக்கத்திலேயே நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மாதிரி வருகிறோம். ஊர் கேட்டால் ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்கிறோம் என்று சொல்லுங்கள். தோப்புக்கும் திரையா என்று கேட்டால், மாமா, அதற்கு நீங்கள்தான் பதில் யோசிக்க வேண்டும். டேப்பைக் கண்டு பயப்படுகிற ஊரில் ரகசியமாக அளக்கவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, அதனால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள், மில்லுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, மன்னிக்கவும்: கையில் பசை இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கற்பகம் பக்கத்தில்தான் இருந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்துபோய், "அப்பா தனியா அளக்கப் பாப்பாக, ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு, நாளைக்கே போவோம்" என்று டேப்பை எடுத்துப் பையில் வைத்துவிட்டாள், இந்தக் கடிதமும் அதே பையில்தான் வருகிறது.