புகைக்கூண்டுக்கு எண்பத்தொன்பதாயிரத்து இருநூற்றைம்பது

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, எங்கள் வீட்டுப் புகைக்கூண்டை அகற்றிவிடுவது என்று நான் தீர்மானம் செய்தேன். தீர்மானம் முழுக்க முழுக்க என்னுடையது. முதல்நாள் அடித்த காற்றில் அந்தப் புகைக்கூண்டிலிருந்து மூன்று செங்கல் கழன்று, கூரைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு, என் மனைவி ரெங்கம்மாவின் தையல் மேசைமேல் விழுந்தது உண்மைதான். "இதுக்கு நீங்க ஒரு முடிவு கட்டலைன்னா நான் கட்டிருவேன்" என்று அவள் சொன்னதும் உண்மைதான். ஆனால் அவை தற்செயல்கள்.

என் பெயர் கந்தப்பன். அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் முப்பத்தொரு வருஷம் கிளாக்கர். அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் பெரிய கிளாக்கர். ஓய்வு பெற்றதும் டவுனுக்கு ஒரு மைல் தள்ளி, பண்டாரவளை வீதியில் இந்த வீட்டை வாங்கினேன். எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் குளிருக்குப் பயந்து கட்டியது. நடு அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு கணப்பு. அதன்மேல் கூரையைத் தாண்டிப் பதினைந்தடிப் புகைக்கூண்டு. குடிவந்த முதல் மாதம் ஆசைப்பட்டு ஒருநாள் அதில் நெருப்பு மூட்டினோம். புகை மேலே போகவில்லை. எங்களோடேயே தங்கிவிட்டது.

அந்த நடு அறையில்தான் ரெங்கம்மா தைப்பாள். அவள் கை அப்படி. கல்யாண ஜாக்கெட் என்றால் தியத்தலாவையிலிருந்துகூட வருவார்கள். வருகிறவர்கள் சேற்றில் ஒரு மைல் நடந்து வரவேண்டும் என்பதுதான் அவளுக்குக் குறை. கடைவீதியில் ஒரு அறை எடுக்கவேண்டுமென்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை நடந்த பேச்சு இது:

"பெரிய கிளாக்கர் சம்சாரம் கடையில உக்காந்து மெஷின் மிதிக்கிறதா? நாலு பேரு வந்து என்னா சொல்லுவாங்க?"

"அளவு சொல்லுவாங்க."

"முடியாது ரெங்கம்மா. என் மரியாதை என்னா ஆகிறது?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

எனக்கும் ஒரு ஆசை இருந்தது. பண்டாரவளையில் ஒரு வாத்தியார் வெளிநாடு போகிறார். அவரிடம் வெளிர்நீல நிறத்தில் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. முப்பத்தைந்தாயிரம் ரூபாய். முப்பத்தொரு வருஷம் துரைமாரின் ஜீப் கிளப்பிய தூசியில் ஏற்றம் ஏறி நடந்தவன் நான். சாவதற்குள் ஒரு தடவையாவது மூச்சு வாங்காமல் வீட்டுக்கு வந்து சேரவேண்டும். இதை ரெங்கம்மாவிடம் நான் கேட்கவில்லை. அவள் கடைக்கு நான் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். என் ஸ்கூட்டருக்கு அவள் சரி என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

கேட்காமல் எடுக்கவும் வழியில்லை. ஓய்வு பெற்றபோது சேமலாப நிதியில் வந்த பணம் முழுவதும் இரண்டு பேர் பெயரிலும் பேங்கில் கிடந்தது. ஒரு சதம் எடுப்பதானாலும் இரண்டு கையெழுத்து வேண்டும். அந்த யோசனையைச் சொன்னதும் நான்தான்.

இந்த நிலைமையில்தான் செங்கல் விழுந்தது.

தோட்டத்தில் எஸ்டிமேட் எழுதுவது ஒரு கலை. கிளாக்கர் எழுதுவார், துரை வெட்டுவார். எவ்வளவு எழுதினாலும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வெட்டாத துரைக்குக் கொழும்பில் மதிப்பில்லை. ஆகவே வேண்டியதற்கு மேல் அதில் பாதியைக் கூட்டி எழுதிவிட்டால், வெட்டியபிறகு வேண்டியது வேண்டிய அளவில் நிற்கும். துரைக்கும் திருப்தி, கிளாக்கருக்கும் திருப்தி. பன்னிரண்டு வருஷத்தில் என் எஸ்டிமேட் ஒன்றுகூடப் பிசகியதில்லை.

கொத்துவேலை மேசன் பாஸ் வந்து பார்த்துவிட்டு, புகைக்கூண்டை இறக்கிக் கூரையை மூடிக்கொடுக்க இருபத்துநாலாயிரத்து ஐந்நூறு என்றார். ஸ்கூட்டர் முப்பத்தைந்தாயிரம். சேர்த்தால் ஐம்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. அதன்மேல் பாதி கூட்டினால் எண்பத்தொன்பதாயிரத்து இருநூற்றைம்பது. ரெங்கம்மா மூன்றில் ஒன்றை வெட்டட்டும். அவள் வெட்டியது போக நிற்பது ஒரு புகைக்கூண்டும் ஒரு ஸ்கூட்டரும். கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதினேன். எழுதி முடித்தபோது என்மேலேயே எனக்கு மரியாதை வந்தது.

சாப்பாட்டு மேசையில் வைத்து அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தாள்.

"இதென்னா, காகக்கூடு அகற்றல் எழுநூத்தம்பது?"

"உச்சியில காக்கா கூடு கட்டியிருக்கு."

"காக்காவுக்கு நட்டஈடா?"

"மேல ஏறுற ஆளுக்குக் கூலி."

"ஏறுற ஆளுக்கு மூணாவது வரியிலயே கூலி போட்டிருக்கே."

"அது ஏறுறதுக்கு. இது கூட்டை எறக்குறதுக்கு."

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் போனாள்.

"எதிர்பாராத செலவு பதினெட்டாயிரம். எதிர்பாராததுன்னா இவ்வளவு சரியா எப்படிங்க தெரிஞ்சிச்சு?"

"முப்பத்தோரு வருஷ அனுபவம்."

பேனாவை எடுத்தாள். வெட்டப்போகிறாள் என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். வெட்டுப்படும்போது கிளாக்கர் சோகமாக இருக்கவேண்டும், அதுதான் முறை. அவள் அடியில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"வெட்டலியா?" என்று கேட்டுவிட்டேன்.

"எதுக்கு வெட்டணும்? நீங்க என்னா பொய்யா எழுதியிருக்கீங்க?"

வெட்டுகிற துரையைச் சமாளிக்க எனக்குத் தெரியும். என்னை நம்புகிற துரையை நான் என் சர்வீஸில் கண்டதில்லை. கூட்டி எழுதியதைப் பேசாமல் நானே வெட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அந்த வெளிர்நீலம் கண்ணுக்குள் வந்தது. வெட்டவில்லை.

பேங்கில் பணத்தை வாங்கியதும் ரெங்கம்மா அதைத் தன் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தாள்.

"இங்க குடு. நான் வச்சுக்கிறேன்."

"தோட்டத்துல எஸ்டிமேட் போட்ட கிளாக்கர் கையிலயா காசு இருக்கும்?"

"இல்ல, ஆபீஸ் பெட்டியில இருக்கும்."

"சாவி?"

"தொரகிட்ட."

"பொறகென்னா. பில்லக் கொண்டாங்க. வேலையப் பாத்துட்டு நான் காசு தர்றேன்."

ஆகவே எனக்கு ஒரு பில் தேவைப்பட்டது. ஹார்டுவெயார் கடை வாஹித் என் இருபது வருஷச் சிநேகிதர். கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு. ஸ்கூட்டர் கதையை மறைக்காமல் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"சாமானே எடுக்காம பில்லு எழுதச் சொல்றீங்க, கிளாக்கரய்யா. நாளைக்கு அல்லாஹ் கேட்டா என்னா சொல்றது?"

"என் பேரச் சொல்லுங்க."

"அதுக்கு முன்னால ஒங்க சம்சாரம் கேட்டா?"

"அவ கேக்க மாட்டா. என்னை நம்புறா."

இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூசியது. வாஹித் எழுதினார். சாரம் கட்ட எண்பது கம்பு, சீமெந்து, தகரம், ஆணி. உள்ளேயிருந்து அவர் மனைவி மர்லியா இஞ்சிப் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். மர்லியா, ரெங்கம்மாவிடம் துணி தைக்கக் கொடுக்கிறவள். நான் டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பில்லை ரெங்கம்மா வாங்கி, பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினாள். "வேலை முடியட்டும்" என்றாள்.

அதற்குள் பதுளையிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. சேமலாப நிதிக் கணக்கில் ஒரு மிச்சம் இருக்கிறதாம், நேரில் வரவேண்டுமாம். புதன்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்பினேன். ரெங்கம்மா வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தாள்.

"தங்கச்சி வீட்டுல ரெண்டு நாள் இருந்து, அவசரப்படாம வாங்க."

முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னை அவசரப்படாமல் வரச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு இளகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை திரும்பி வந்தேன். மூடுபனி. வீதியில் நடந்துகொண்டே போய், என் வீட்டைத் தாண்டி நூறு யார் தூரம் போய்விட்டேன். நான் அடையாளம் பார்த்து நிற்கிற புகைக்கூண்டைக் காணவில்லை. திரும்பி வந்து பார்த்தால், கூரையில் அந்த இடத்தில் புதுத் தகரம். உள்ளே கணப்பு இருந்த சுவரில் பூச்சு இன்னும் காயவில்லை. ரெங்கம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து யாருக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ரெங்கம்மா?"

"எது?"

"புகைக்கூண்டு."

"எல்லைக்குப் போயிருச்சு."

நான் உட்கார்ந்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள். மர்லியாவின் தம்பி ஸலீம், பண்டாரவளைக்கு அப்பால் எல்லை என்கிற ஊரில் ஒரு விடுதி கட்டுகிறான். வருகிற வெள்ளைக்காரர்கள் பழைய காலத்துக் கணப்பு கேட்கிறார்கள். செங்கல்லுக்குச் செங்கல் சோக்கட்டியால் நம்பர் போட்டு, எட்டு ஆட்கள் மூன்று நாளில் இறக்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கணப்பின் இரும்பு, மேலே பதித்திருந்த தேக்குப் பலகை எல்லாம் போய்விட்டது. தகரம் போட்டதும் சுவர் பூசியதும் ஸலீம் செலவு.

"எவ்வளவு குடுத்தோம்?"

"குடுக்கல. முப்பதாயிரம் குடுத்துட்டுப் போனான்."

முப்பத்தொரு வருஷத்தில் நான் ஆயிரம் எஸ்டிமேட் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட இடிக்கிறவனே நமக்குக் காசு தருவான் என்று எழுதியதில்லை.

"அப்போ அந்த எம்பத்தொம்பதாயிரம்?"

"அப்படியே இருக்கு."

"நல்லதாப் போச்சு. நான் வந்து, அதை..."

அவள் பிஸ்கட் டின்னைத் திறந்து வாஹித்தின் பில்லை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"சாரம் கட்ட எம்பது கம்பு. எங்கங்க அந்தக் கம்பு?"

நான் புதிதாகப் பூசிய சுவரைப் பார்த்தேன்.

"மர்லியா அன்னைக்கே சொல்லிட்டா, ஸ்கூட்டரையும் சேத்துத்தான். அவ சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. வருஷக்கணக்கா நீங்க எஸ்டிமேட் எழுதுறப்போ பக்கத்துல உக்காந்து கார்பன் வச்சுக் குடுத்தவ நான். நான் வெட்டுவேன்னு கூட்டிப் போட்டீங்க. அதுதான் நான் வெட்டல."

"ரெங்கம்மா..."

"ஸ்கூட்டர் வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கடை வேணும்னு நான் ஒங்க முகத்தப் பாத்து ரெண்டு தடவ கேட்டேன். இல்லைன்னீங்க. நான் பொய்க் கணக்கு எழுதலீங்க. வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. துரைமார் என்னை ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி ஏசியிருக்கிறார்கள். அதெல்லாம் வீட்டுக்கு வந்து குளித்தால் போய்விடும். இது போகவில்லை.

"சரி, பணத்தத் திருப்பிப் பேங்குல போட்டுருவோம்" என்றேன்.

"பாஸ் ஆன காசு திரும்பிப் போகக்கூடாது. போனா அடுத்த வருஷம் தர மாட்டாங்க. நீங்கதான் சொல்லுவீங்க."

"அது புகைக்கூண்டுக்குப் பாஸ் ஆனது."

"செங்கல்லு எது மேல விழுந்துச்சு? தையல் மேச மேல. மேசையப் பத்திரமான எடத்துக்கு மாத்துறேன். வாஹித் கட மேல்மாடியில. மர்லியாகிட்ட அட்வான்ஸ் குடுத்தாச்சு. ரெண்டு மெஷினுக்கும் சொல்லியாச்சு."

"என்னைக் கேக்காமலா?"

"ஒங்க எஸ்டிமேட்டுலதான் இருக்கே. எதிர்பாராத செலவுன்னு."

தை மாதம் கடை திறந்தாள். இரண்டு பெண்கள் தைக்கிறார்கள். கூட்டம் இருக்கிறது. என் மரியாதை போகும் என்று நான் பயந்தது வீண். இப்போது என்னை எல்லாரும் ரெங்கம்மா டெய்லர் வீட்டுக்காரர் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஸ்கூட்டரை ஒரு தபால்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கடையில் ஒரு மேசை கொடுத்திருக்கிறாள். அளவு எழுதுவதும் பில் போடுவதும் என் வேலை. என் எழுத்து அழகு என்று அவளே வாடிக்கையாளர்களிடம் சொல்லுகிறாள். தினக்கூலி உண்டு. அதற்கு ஒரு கொப்பி வைத்திருக்கிறாள், எங்கள் தோட்டத்தில் ஆள் வரவு எழுதும் செக்ரோல் மாதிரியே கோடு போட்டு. அதை மட்டும் அவள்தான் எழுதுவாள்.

தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குத் தொழிலாளி பிந்தி வந்தால் அன்றைக்கு அரைப் பேர். பாதிச் சம்பளம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்கள், வழியில் மழை என்பார்கள். நான் தலையை நிமிர்த்தாமல் அரைப் பேர் போட்டுக்கொண்டே போவேன். அதில் எனக்குக் கண்டிப்பான கிளாக்கர் என்று நல்ல பெயர்.

நேற்றுக் காலை பனியில் பஸ் வரவில்லை. ஒரு மைலும் நடந்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். பத்து நிமிஷம் பிந்திவிட்டது.

"பஸ் வரல, ரெங்கம்மா."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்று, தலையை நிமிர்த்தாமல் எனக்கு அரைப் பேர் போட்டாள்.