வரி அண்ணனுக்காக ஒரு தப்பு

சிங்கப்பூரில் வருமான வரியைக் காதலித்த ஒரே மனிதர் எங்கள் வரி அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் தஞ்சோங் பகார் ஆபீஸில் யாருக்குமே ஞாபகமில்லை.

மார்ச் பிறந்தால் போதும், "சாப்டாச்சா?" என்பதை விட்டுவிட்டு "பாத்தாச்சா?" என்று ஆரம்பிப்பார். கம்பெனியே நம் சம்பளக் கணக்கை வரி இலாகாவுக்கு அனுப்பிவிடுகிறதே, அது சரிதானா என்று பார்த்தாயா என்று அர்த்தம்.

என் முதல் வருஷம், படிவம் நிரப்ப வேண்டியதில்லை என்று தகவல் வந்தது. பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். பேன்ட்ரியிலேயே மடக்கிவிட்டார்.

"நிரப்ப வேணாம்னா பாக்கவும் வேணாமா? லாகின் பண்ணு லா!"

அப்புறம் ஆரம்பித்த விசாரணையில் கல்யாணத் தரகர் தோற்றார்.

"அப்பா எங்க இருக்காரு?"

"காத்தோங்ல, என்கூடத்தாண்ணே."

"வேலைக்குப் போறாரா?"

"ரிட்டயர்ட். சும்மா டிவி பாத்துட்டு..."

"சும்மாவா! அப்பாவை வச்சுப் பாத்துக்கிறவனுக்கு வரில கழிவு இருக்குடா. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கியே, பாவி!"

நிரப்பினோம். வரி குறைந்தது. அன்றிலிருந்து அப்பா ரிமோட்டை உரிமையோடு பிடிக்கிறார்.

மேனேஜரைக்கூட விடவில்லை. "சார், மாமியாரைச் சேத்தீங்களா?" என்று லிஃப்டிலேயே கேட்டார். மாமியாரால் ஒரு லாபமும் உண்டு என்று மேனேஜருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணன் ரிட்டயர் ஆன பிறகு ஒரு மார்ச்சில் அவரைத் தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். முன்னால் ஆற்றிய டீயான தே தாரிக் குடிக்காமலே ஆறிக் கிடந்தது.

"இப்பல்லாம் யாரும் எங்கிட்ட கேக்கறதில்லடா."

எனக்குப் பகீரென்றது. ஆபீஸையே ஆட்டிவைத்த மனிதர் இப்படியே ஒடுங்கிப்போய்விடுவாரோ?

வீட்டுக்குப் போனதும் என் வரிக்கணக்கைத் திறந்து அப்பா பெயரை நானே நீக்கினேன். சனிக்கிழமை அதே கடையில் அவரிடம் போனை நீட்டி, "சரியா இருக்கான்னு பாருங்கண்ணே" என்றேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"அடப்பாவி! பெத்த அப்பாவையே விட்டுட்டியே!"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டே அப்பாவைத் திரும்பச் சேர்த்தார். அப்புறம் இரண்டு வடை சொல்லி இரண்டையும் அவரே சாப்பிட்டார். முகத்தில் பழைய களை!

அதற்கப்புறம் வருஷா வருஷம் கடைசித் தேதிக்கு முன்னால் இதே கூத்துதான். இந்த வருஷமும் வயிறாரத் திட்டு வாங்கினேன். போனைத் திருப்பித் தரும்போது அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சு வருஷமா ஒரே தப்பு. அடுத்த வருஷமாவது வேற எதையாவது மாத்தி வை லா. நானும் கொஞ்சம் தேட வேண்டாமா?"

திருடன் மாதிரி முழித்தேன். அவர் ஒரு வடையை என் பக்கம் தள்ளினார். இந்த மனுஷன் இன்னும் நூறு மார்ச் பார்க்க வேண்டும். நான் புதுசு புதுசாகத் தப்புச் செய்துகொண்டே இருப்பேன்.