கன்னத்துக்கு எடை இல்லை

ஒரு காட்டில் சிங்கம்தான் ராஜா. ஆனால் அது விமானம் வருவதற்கு முந்தைய கதை. விமானம் வந்த பிறகு அந்தக் காட்டில் யாரிடம் போய் "இங்கே ராஜா யார்?" என்று கேட்டாலும், செக்-இன் கவுண்டரில் ஒற்றைக் காலில் நின்றபடி பெட்டிகளை எடை போடும் நாரையைத்தான் காட்டுவார்கள். சிங்கமே போன மாதம் அதன் முன்னால் நின்று, "அரைக் கிலோதானேம்மா கூட இருக்கு, கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா?" என்று கெஞ்சியதை ஊரே பார்த்தது. நாரை பார்த்துப் போடவில்லை. பெட்டியிலிருந்து கிரீடத்தை எடுத்துவிட்டு வரச் சொன்னது.

அந்தக் காட்டில் வடிவாம்பாள் என்று ஒரு மந்தி இருந்தாள். நல்லவள், கெட்டிக்காரி, வாய் மட்டும் ஓயாது. தூங்கும்போதுகூட ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவில்தான் இருப்பாள். அவளுக்கும் அவள் புருஷன் தாண்டவராயனுக்கும் ஒரே மகள், பூங்கோதை. கட்டிக்கொடுத்த இடம் கடலுக்கு அப்பால், அக்கரைக் காடு. மகளுக்கு இப்போது நிறைமாதம். தாய் பிரசவத்துக்குப் போயாக வேண்டும்.

போனில் மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, எனக்குக் கொடுக்காப்புளி வேணும். இங்க எல்லாம் கிடைக்குது, அது மட்டும் கிடைக்கல. கனவுல வருதும்மா. நீ வர லேட்டானாலும் பரவால்ல, அது வந்து சேந்துடணும்."

பெற்ற தாயைவிடக் கொடுக்காப்புளி பெரிதாகப் போய்விட்டதா என்று வடிவாம்பாள் ஒரு பாட்டம் அழுதாள். அழுதுகொண்டே மரம் ஏறினாள். சிவந்து சுருண்டு வெடித்த காயாகப் பார்த்துப் பார்த்துப் பறித்தாள். மகள் வயிற்றில் பிள்ளையோடு கேட்டது, அது போய்ச் சேராவிட்டால் தான் போய்ச் சேர்ந்து என்ன பயன் என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

டிக்கெட் மலிவுதான். மலிவாகக் கொடுப்பவன் வேறெங்காவது கை வைக்காமல் இருப்பானா? உள்ளே போகும் பெட்டி ஒன்றே ஒன்று, அதுவும் இருபத்துமூன்று கிலோ. கையில் ஏழு கிலோ. அதற்கு மேல் போனால் கிலோவுக்கு ஒரு தார் வாழைப்பழம் அபராதம். ஒரு தார் வாழைப்பழத்தையே எடை போட்டால் பத்துக் கிலோ தேறும். ஒரு கிலோவுக்குப் பத்துக் கிலோ எப்படி நியாயம் என்று தாண்டவராயன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். கால் விரல்களையும் சேர்த்து எண்ணினான். நியாயம் வரவில்லை.

இதற்குள் வடிவாம்பாள் விமானம் ஏறுகிறாள் என்ற சேதி காடு முழுக்கப் பரவிவிட்டது. முதலில் வந்தது கரடி மரகதம். "என் பையன் அங்கதான் படிக்கிறான். ஒரு சின்ன ஜாடி தேன், அவ்வளவுதான்." ஜாடி சின்னதுதான், கரடியின் கைக்கு. அடுத்து வந்தவர் யானை அம்பலவாணன். தும்பிக்கை நுனியில் ஒரு துணி மூட்டை ஆடியது.

"தங்கச்சி, நம்ம மருமகனுக்குக் கொஞ்சம் அச்சுவெல்லம். ஒரு விரல்ல தூக்கிட்டு வந்தேன். வெயிட்டே இல்ல."

அவர் அதைக் கீழே வைத்தபோது தரை லேசாக அதிர்ந்தது. வேண்டாம் என்று சொல்ல வடிவாம்பாள் வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக வார்த்தை வரவில்லை. அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம் 'முடியாது' என்று சொல்லும் சொல்லை மட்டும் அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. "கொடுங்கண்ணே, இதுல என்ன இருக்கு" என்று வாங்கி வைத்துவிட்டாள்.

பெட்டி நிறைந்தது. வீட்டில் தராசு கிடையாது. தாண்டவராயன் பெட்டியைக் கொண்டுபோய் ஆலமரக் கிளையில் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"மூணு பேர் ஏறி உக்காந்தா எவ்வளவு வளையுமோ அவ்வளவுதான் வளைஞ்சிருக்கு. இருபத்திரண்டரை. எழுதி வச்சுக்க."

விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே தாண்டவராயன் கண்ணாடிச் சுவருக்கு வெளியே வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றான். செக்-இன் முடியும்வரை நகராதே என்பது வடிவாம்பாளின் உத்தரவு.

நாரை பெட்டியை ஏற்றச் சொன்னது. திரையைப் பார்த்தது. "முப்பத்தொன்று."

"வீட்ல இருபத்திரண்டரைதாங்க இருந்துச்சு!"

"எந்தத் தராசு?"

"ஆலமரம்."

நாரை ஒரு காலை இறக்கி மறு காலைத் தூக்கிக்கொண்டது. "எட்டுக் கிலோ அதிகம். எட்டுத் தார். இல்லையென்றால் ஓரமாகப் போய்க் குறைத்துக்கொண்டு வாருங்கள்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கவுண்டரில் ஒரு காட்டெருமையார் வந்து நின்றார். ஆள் ஒரு டன் இருப்பார். கையில் ஒரு பல்குச்சிப் பை. பெட்டியே இல்லை. சிரித்த முகமாக அவருக்கு போர்டிங் பாஸ் கொடுத்து, ஜன்னலோரம் வேறு போட்டுத் தந்தார்கள்.

வடிவாம்பாளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இது எந்த ஊரு நியாயம்? என்னையும் என் பெட்டியையும் சேத்துக் கட்டி நிறுத்தினாலும் அவரோட ஒரு தொடை எடை வராது! அவருக்கும் ஒரு டிக்கெட்டு, எனக்கும் ஒரு டிக்கெட்டு. நான் மட்டும் எட்டுத் தார் அழணுமா?"

வரிசையில் நின்ற முயல்களும் அணில்களும் "அதானே!" என்றன.

நாரை குரலை உயர்த்தி, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னது: "அம்மா, விதி தெளிவாக இருக்கிறது. உடம்புக்கு எடை இல்லை. பைக்குத்தான் எடை. உடம்புக்குள் எவ்வளவு இருந்தாலும் எங்களுக்குக் கவலை இல்லை. அடுத்து!"

வடிவாம்பாள் பெட்டியை ஓரமாக இழுத்துப்போய்த் தரையில் விரித்தாள். காட்டில் அவள் மானம் போனது அதுதான் முதல் தடவை. மேலே கிடந்த உள்பாவாடையை ஒரு பன்றிக் குடும்பமே நின்று பார்த்துவிட்டுப் போயிற்று.

கண்ணாடிக்கு வெளியே தாண்டவராயன் குதித்தான். தும்பிக்கைபோல் ஒரு கையை மூக்கில் வைத்து ஆட்டி, பிறகு அந்தக் கையைத் தூர வீசிக் காட்டினான். யானை வெல்லத்தை எடுத்து எறி என்று அர்த்தம். வடிவாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். எறிந்தால் அம்பலவாணன் கேட்பார். சும்மா கேட்கமாட்டார், வீட்டு மரத்தில் சாய்ந்துகொண்டு கேட்பார். வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஊரார் பொட்டலங்களைத் தொடாமல் வைத்துவிட்டு, தன் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பிரசவ லேகியம் போயிற்று. பருப்புப் பொடி போயிற்று. உடுதுணியோடு குளிருக்கென்று பின்னிய கம்பளியும் போயிற்று. எல்லாவற்றையும் வாசல்வரை ஓடிப்போய்ப் புருஷனிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள்.

மறுபடி தராசு. இருபத்துநாலரை.

இன்னும் ஒன்றரைக் கிலோ குறைய வேண்டும். கைப்பை ஏற்கெனவே ஏழு கிலோவைத் தொட்டுவிட்டது. பெட்டியில் அவளுடையதாக மீதமிருந்தது ஒன்றே ஒன்றுதான், கொடுக்காப்புளி.

அவள் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கனவுல வருதும்மா" என்று மகள் சொன்ன குரல் காதில் கேட்டது. வெல்லத்தையும் தேனையும் சுமந்துகொண்டு வெறுங்கையோடு மகள் முன்னால் போய் நிற்கப்போகிறோம் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. அழுதுகொண்டே, வருத்தம் தாளாமல், ஒரு காயை உரித்து வாயில் போட்டாள். பழக்கதோஷத்தில் அதைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.

ஒதுக்கியவள் நிமிர்ந்தாள். நாரையைப் பார்த்தாள். உடம்புக்கு எடை இல்லை!

பிறகு நடந்ததை வரிசை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. மந்தியின் கன்னத்துக்குள் எவ்வளவு போகும் என்பது மந்திகளுக்கே முழுதாகத் தெரியாது. அவள் உரித்தாள், கொட்டையைத் தட்டினாள், அடக்கினாள். முயல்கள் தோல் பொறுக்கின. அணில்கள் "இடது பக்கம் இன்னும் இடமிருக்கு அக்கா" என்று வழிகாட்டின. எல்லாம் முடிந்து அவள் எழுந்தபோது முகம் இரண்டு பூசணிக்காய்க்கு நடுவில் ஒரு மூக்கு மாதிரி இருந்தது.

நாரை பாஸ்போர்ட்டைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது. "இந்தப் படத்தில் இருப்பது நீங்கள்தானா?"

வடிவாம்பாள் தலையாட்டினாள்.

"வாயில் என்ன?"

வரிசை முழுக்க ஒரே குரலில் கத்தியது: "உடம்புக்குள்ள எவ்வளவு இருந்தாலும் உங்களுக்குக் கவலை இல்லையே!"

நாரை திரையைப் பார்த்தது. பெட்டி சரியாக இருபத்துமூன்று. முத்திரையைக் குத்தித் தள்ளியது. கண்ணாடிக்கு வெளியே தாண்டவராயன் மூன்று குட்டிக்கரணம் போட்டான்.

விமானத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காட்டெருமையாருடையது. கடவுளுக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருந்திருந்தால் அவரை வேறெங்காவது உட்கார வைத்திருப்பார். மனிதர் பேச ஆரம்பித்தார். மருமகன் சரியில்லை என்றார். பிரசவமான பெண்ணுக்கு முதல் மாதம் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வைக்க வேண்டும் என்றார். வடிவாம்பாளுக்கு உடம்பெல்லாம் பதறியது. பச்சைத் தண்ணீரா! சொல்வதற்கு அவளிடம் ஒரு நாள் முழுக்கப் பேசும் அளவுக்கு விஷயம் இருந்தது. வாயைத் திறந்தால் மகளின் ஆசை மடியில் கொட்டிவிடும். இருக்கையின் கைப்பிடியை இரண்டு கையாலும், இரண்டு காலாலும், வாலாலும் பிடித்துக்கொண்டாள். எச்சில் ஊறி ஊறி வந்தது. மைனா வந்து "டீயா, காபியா?" என்றபோது கண்ணில் நீர் வழியத் தலையை ஆட்டினாள்.

"உங்க அளவுக்கு என் பேச்சை யாரும் இவ்வளவு பொறுமையாக் கேட்டதே இல்லம்மா" என்று காட்டெருமையார் உருகினார். பிறகு பச்சைத் தண்ணீரைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார்.

அக்கரைக் காட்டில் இறங்கியதும் சுங்கச் சோதனை. அங்கே மேசைக்குப் பின்னால் ஓர் ஆந்தை. மேசைக்கு முன்னால் ஒரு மோப்ப நாய்.

"உணவுப் பொருள் ஏதாவது?" என்றது ஆந்தை.

வடிவாம்பாள் இல்லை என்று தலையாட்டினாள். நாய் பெட்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு அவள் காலடிக்கு வந்தது. முழங்காலை முகர்ந்தது. இடுப்பை முகர்ந்தது. முன்னங்கால்களைத் தூக்கி அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்தது. அப்போது பெட்டிக்குள்ளிருந்து மரகதத்தின் தேன் மணம் மெல்லக் கசிந்தது. கரடி கொடுத்த ஜாடிக்கு மூடி சரியில்லை. நாய் அப்படியே திரும்பிப் பெட்டிமேல் பாய்ந்தது.

தேன் போயிற்று. வெல்லமும் போயிற்று. "இங்கே இதற்கெல்லாம் அனுமதி இல்லை" என்று ஆந்தை இரண்டையும் குப்பைத் தொட்டியில் போட்டது. காட்டிலிருந்து பத்திரமாகக் காப்பாற்றிக் கொண்டுவந்த ஊரார் பொருளெல்லாம் தொட்டிக்குள் விழுவதை வடிவாம்பாள் பார்த்தாள். வருத்தப்பட வேண்டும் என்று முயன்று பார்த்தாள். முடியவில்லை.

வாசலில் பூங்கோதை நின்றிருந்தாள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு. "அம்மா!"

அம்மா பதில் பேசவில்லை.

பூங்கோதைக்கு முகம் வெளிறியது. பிறந்ததிலிருந்து அம்மா பேசாமல் நின்று அவள் பார்த்ததில்லை. முகம் வேறு அழுது அழுது வீங்கினது மாதிரி இருக்கிறது. "அப்பாவுக்கு என்னாச்சும்மா? சொல்லும்மா! ஐயோ, அப்பா!" என்று அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டாள்.

வடிவாம்பாள் ஓடிப்போய் மகளின் இரண்டு கைகளையும் சேர்த்துக் குழியாக்கினாள். குனிந்தாள். கடலைத் தாண்டி வந்த கொடுக்காப்புளி முழுவதும் மகள் கையில் இறங்கியது. ஒன்றுகூடக் குறையவில்லை.

பூங்கோதை அதைப் பார்த்தாள். அப்பாவை மறந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் அத்தனையையும் அள்ளித் தன் கன்னங்களில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். அந்த முகத்தைப் பார்த்த நொடியில் வடிவாம்பாளுக்கு எட்டுத் தாரும் மறந்தது, லேகியமும் மறந்தது. வயிறு குளிர்ந்து போயிற்று.

அப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள். நாரையில் தொடங்கினாள். காட்டெருமையாருக்குச் சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் மகளுக்குச் சொன்னாள். பச்சைத் தண்ணீருக்கு மட்டும் பாதி வழி ஆயிற்று. மகளுக்கு வாய் நிறைய இருந்ததால் "போதும்மா" என்று குறுக்கே சொல்ல முடியவில்லை. ஒரு தாய் ஆரம்பித்ததை முழுதாகப் பேசி முடித்தது அந்த வம்சத்தில் அதுதான் முதல் தடவை.

வீடு வந்தது. பூங்கோதை கடைசிச் சுளையையும் விழுங்கிவிட்டு, நாக்கால் இரண்டு கன்னத்தையும் துழாவிப் பார்த்தாள். ஒன்றும் மிச்சமில்லை. பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு கொஞ்சலாகச் சொன்னாள்:

"அம்மா, அடுத்த தடவை வரும்போது அப்பாவையும் கூட்டிட்டு வா. அவருக்கும் ரெண்டு கன்னம் சும்மாதானே இருக்கு."

நீதி: கூடுதல் பெட்டிக்குக் கட்டணம் கட்டி ஏமாறாதே, அந்தக் காசில் கணவனுக்கு டிக்கெட் எடு. அவனை எவரும் எடை போடமாட்டார்கள்.