உருளைக்கிழங்கின் வக்கீல்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. பிடித்ததை முதலில் தின்றுவிட்டு, அது உடம்புக்கு நல்லது என்பதற்கான ஆதாரத்தை அப்புறம் சாவகாசமாகத் தேடுகிற ரகம். நெய்க்கு ஒருவர், சாக்லேட்டுக்கு ஒருவர், மதியத் தூக்கத்துக்கு ஒருவர் என்று தெருவுக்குத் தெரு, ஏன், ஒரே வீட்டில் அறைக்கு அறை இவர்கள் இருக்கிறார்கள். என் விஷயம் காப்பி. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. நான் சொல்ல வந்தது எங்கள் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்தும் ஒருவரைப் பற்றி. உருளைக்கிழங்குக்காக அவர் வாதாடுவதைக் கேட்டுக் கேட்டு, நாங்கள் அவருக்கு வக்கீல் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். மூடி கழன்றதும் வாசனை வரும், வாசனைக்குப் பின்னால் சொற்பொழிவு வரும். வைட்டமின் சி என்பார், வாழைப்பழத்தைவிடப் பொட்டாசியம் அதிகம் என்பார், நார்ச்சத்து முழுக்கத் தோலில்தான் இருக்கிறது என்பார், அவித்து ஆறவைத்துச் சாப்பிட்டால் குடலுக்கு அவ்வளவு நல்லது என்பார், இதையெல்லாம் சொல்லிக்கொண்டே தோல் சீவி எண்ணெயில் முறுகப் பொரித்த துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார். எண்ணெய் முழங்கை வரை வழியும்.

"தோலைக் காணோமே, வக்கீல்?" என்று பைண்டிங் பிரிவுக்காரர் கேட்பார்.

"தோல் பல்லுல சிக்குது சார்."

"அவிச்சுச் சாப்பிடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பொரிக்கறதுக்கு முன்னாடி அவிச்சதுதான் சார் இது!"

இதற்கு மேல் யார் என்ன கேட்பது?

அவர் மேஜையில் ஒரு நீல ஃபைல் உண்டு. உருளைக்கிழங்கைப் புகழ்ந்து எந்தப் பத்திரிகையில் நாலு வரி வந்தாலும் அதில் ஏறிவிடும். ஒருநாள் பொழுது போகாமல் அதைப் புரட்டினேன். ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. எந்தக் கட்டுரைக்கும் முடிவே இல்லை. எல்லாம் நன்மைகளோடு நின்றுபோயிருந்தன. நம் ஆள் 'ஆனால்' என்று தொடங்கும் பத்திக்கு மேலே, நூல் பிடித்த மாதிரி, கத்தரித்திருக்கிறார். ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி குறைந்தால் விடாத மனிதர்!

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவருக்குச் சர்க்கரை நோய் மட்டும் இல்லாதிருந்தால்.

போன மாதம் கண் டாக்டரிடம் போய் வந்தவர், "கண்ணாடி மாத்தவே வேண்டாம்னுட்டார்!" என்று ஜம்பமாகச் சொன்னார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். மீதியை அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கண்ணின் பின்பக்கத்தில் ரத்தக் குழாய் கசிய ஆரம்பித்திருக்கிறதாம்; சர்க்கரை இறங்காவிட்டால் அச்செழுத்தைப் படிக்க முடியாத நிலை வரலாமாம். பிழை திருத்துபவருக்குக் கண் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? இவரோ அந்த டாக்டரின் பேச்சையும் கத்தரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசரமான புரூஃப் கட்டு ஒன்றைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் அதை வாங்கி, சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தார். மனைவி உள்ளேயிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து கட்டின் மேல் வைத்தார். வெள்ளைத் தாளில் பத்திரிகைத் துண்டுகள் ஒட்டியிருந்தன.

"ஏங்க, இதையும் ஒரு பார்வை பார்த்துடுங்க."

"என்ன இது?"

"நீங்க வெட்டினதுக்குக் கீழ மிச்சம் இருந்தது. அலமாரிக்கு விரிக்க எடுக்கறப்ப எல்லாப் பேப்பர்லயும் மேல ஓட்டை, கீழ இது. சேர்த்து வெச்சேன்."

வக்கீல் முகம் கறுத்தது. ஆனாலும் பழகிய கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனா தானாகவே தாளில் இறங்கியது. விறுவிறுவென்று மூன்று இடத்தில் சுழித்தார்.

"மூணு பிழை. கவனமே இல்லாம அச்சடிக்கறானுங்க," என்று தாளைத் திருப்பி நீட்டினார். இவ்வளவுதானா மனிதர் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மனைவி தாளை வாங்கிப் பார்த்தார். நிதானமாக ஒரு இடத்தில் விரல் வைத்தார்.

"இந்த வரி ரெண்டு தடவை வந்திருக்கே?"

எட்டிப் பார்த்தேன். 'சர்க்கரை நோயாளிகள் அளவைக் குறைத்து, பொரித்ததைத் தவிர்க்க வேண்டும்' என்ற வரி ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு முறை அச்சாகியிருந்தது. இருபத்தாறு வருடத்தில் இரட்டை வரி ஒன்றுகூட அவரிடமிருந்து தப்பியதில்லை. அச்சகத்தில் கத்துக்குட்டிகூட இதைப் பிடித்துவிடுவான். வக்கீல் தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தூரத்தில் பிடித்தார். மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தார்.

"கண்ணு தெரியலையா, இல்ல பார்க்கப் பிடிக்கலையா?" மனைவியின் குரல் உடைந்தது. "எதுவா இருந்தாலும் கோவிச்சுக்க மாட்டேன். எதுன்னு மட்டும் சொல்லுங்க."

எவ்வளவு வாதங்களை அடுக்கியிருக்கிறார் இந்த மனிதர்! தாளை மேஜையில் வைத்தார்.

"எதுன்னு எனக்கே தெரியலையே," என்றார் கடைசியில்.

புரூஃப் கட்டை அவரிடம் விடாமல் நானே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் அவர் லீவு போட்டார். இருவருமாக டாக்டரிடம் போனார்கள். மருந்தை மாற்றியிருக்கிறார்களாம், கண்ணில் ஊசி போடப் போகிறார்களாம், பார்வை நிலைக்குமா என்று மூன்று மாதத்தில் தெரியுமாம். இப்போதெல்லாம் டிபன் பாக்ஸில் நிறையக் காய். ஓரத்தில் அவித்த கிழங்கு இரண்டு துண்டு, தோலோடு. சொற்பொழிவு இல்லை. பைண்டிங் பிரிவுக்காரரும் வம்புக்கு இழுப்பதில்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டீர்கள். உங்களிடம் நீல ஃபைல் கிடையாது, பத்திரிகையை வெட்டும் வழக்கமும் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். போன தடவை டாக்டர் உங்களிடம் "பயப்பட ஒண்ணுமில்ல" என்றாரே, ஞாபகம் இருக்கிறதல்லவா? அதற்குப் பிறகும் அவர் ஐந்து நிமிடம் பேசினார். என்ன சொன்னார்?