பாறசாலைச் சுங்கம்

நாங்கள் 'சுங்கம்' என்று பட்டம் வைத்த ஆளைப் போல ஒரு வீணாய்ப்போன மனிதரைக் கடவுள் அதற்கு முன்னும் படைக்கவில்லை. பின்னும் அந்தத் தப்பைச் செய்யவில்லை. தமிழுக்கும் மலையாளத்துக்கும் எல்லை எங்கே வரவேண்டும் என்று ஊரெல்லாம் கொடிபிடித்து அலைந்த வருஷங்கள் அவை. இவருக்கு மட்டும் பொறுமை இல்லை. பாறசாலை ரோட்டில் ஒரு மூங்கிலைக் குறுக்கே போட்டு, இதுதான் எல்லை என்று முடிவுகட்டிவிட்டார்.

காரணம் தமிழுமில்லை, மலையாளமுமில்லை, வன்பயறு. குளத்தூரில் அவர் விளைவித்தது சுத்தச் சொத்தை. எங்கள் விளவங்கோட்டிலிருந்து நல்ல பயறு வந்தால் அதை எவன் வாங்குவான்? அதனால் ஒரு காக்கிச் சட்டை தைத்துக்கொண்டு, கையில் குத்தூசியோடு எங்கள் வண்டிகளை மறித்தார். மூட்டையில் குத்தி, நாலு பயறை எடுத்துக் கடிப்பார். முகம் கோணும்.

"இது அன்னிய நாட்டுப் பயறாக்கும். திருப்புலே வண்டிய!"

"அண்ணே, நம்ம குழித்துறை எப்பம் அன்னிய நாடாச்சு?"

"ஆவும். இப்பமே பழகிக்க."

பயறின் குறைகளை முழுக்கக் கேட்டு முடித்தால்தான் காட்டாக்கடைச் சந்தைக்கு வழி. ஒருமுறை கல்யாண வண்டியை நிறுத்தி மாப்பிள்ளையின் மடியைச் சோதித்தார். இன்னொரு முறை எங்கள் உபதேசியாரின் அங்கிப் பைக்குள் கையை விட்டார். வெட்கம் என்பது அந்த ஆளுக்குக் கிடையாது.

எல்லைப் போராட்டம் முற்றியபோது, கொடிபிடித்த என் மச்சானைப் போலீஸ் தேடியது. கையில் சிக்கினால் எலும்பு மிஞ்சாது. காட்டாக்கடையில் என் அக்கா வீட்டில் அவனை ஒளிக்கவேண்டும். ஒரு சாக்குக்குள் உட்காரவைத்து, சுற்றிலும் பயறு மூட்டைகளை அடுக்கி, வண்டியை ஓட்டினேன்.

சுங்கம் மறித்தார்.

"அண்ணே, இண்ணைக்கு மட்டும் விட்டுரும்" என்றேன். கேட்கிற ஜென்மமா? நேராக அந்தச் சாக்கிலேயே குத்தினார்.

"அம்மோ!" என்றது சாக்கு.

சுங்கம் என்னைப் பார்த்தார். அந்நேரம் பார்த்து பின்னால் போலீஸ் ஜீப் வந்து நின்றது. குத்தூசியின் நுனியில் ரத்தம். அதைக் காக்கிச் சட்டையிலேயே துடைத்தார்.

"எந்தாடோ சாக்கில்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பயறாணு ஏமானே. முழுவனும் புழு!"

வேறொரு மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி இன்ஸ்பெக்டரின் உள்ளங்கையில் கொட்டினார். எங்களை அறுத்த அதே பிரசங்கத்தை மலையாளத்தில் தொடங்கினார். ஏமானும் ஒன்றைக் கடித்தே தீரவேண்டும் என்று இன்ஸ்பெக்டரின் வாய்வரைக்கும் கொண்டுபோனார். விட்டால் போதும் என்று ஜீப் பறந்தது.

இனி ஆயுசுக்கும் இதையே சொல்லிப் பீற்றிக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ சாக்கின் பக்கம் குனிந்தார். அந்தத் தொண்டைக்குள் அப்படியொரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

"மக்கா, ரொம்ப நோவுதா?"

பிறகு அவரே போய் மூங்கிலின் ஒரு முனையைத் தூக்கினார். நான் இறங்கிப்போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.