ஒழுகும் தோட்டம்

"ஏம்மா, தண்ணி எங்கம்மா?" என்றார் மேலாளர்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், கார் நிறுத்துமிடத்துக்கும் கிடங்குக்கும் நடுவே இருந்த பள்ளத்தை அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சிப் பொறியாளரான அந்தப் பெண் படம் வரைந்து, ஆளோடு ஆளாக நின்று தோண்டி, சல்லியும் மணலும் அடுக்கி, மேலே கோரையும் பூச்செடியும் நட்ட, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் மழைத்தோட்டம் அது. முந்தின நாள் மழையில் தளும்பியது. காலையில் வெறும் ஈரம்.

"மண்ணு குடிச்சிடுச்சு சார். அதுக்காகத்தான்..."

"மண்ணு குடிக்குமா? அது என்ன என் மச்சானா?"

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அங்கே அவள் தொடங்கிய வாக்கியங்கள் ஏராளம். அவளை முடிக்க விட்டது ஒன்றுகூட இல்லை.

மேலாளருக்கும் பயம் இருந்தது. சென்ற மழைக்காலத்தில் கிடங்குக்குள் வெள்ளம் புகுந்து பெட்டியெல்லாம் கூழாகிவிட்டது. "இனி ஒரு பெட்டி நனைஞ்சாலும் நீ வீட்லயே இருந்துக்கலாம்" என்று முதலாளி சொல்லியிருந்தார். இப்போது அதே முதலாளி, வெள்ளிக்கிழமை தொழிலதிபர் சங்கத்தாரை அழைத்துவந்து இந்தத் தோட்டம் மழைநீரைத் தாங்கும் அழகைக் காட்டப்போகிறார். தாங்குகிறது என்றால் தண்ணீர் தெரிய வேண்டாமா?

"எங்கயோ ஓட்டை இருக்கு" என்று தீர்ப்பளித்த மேலாளர், தண்ணீர் லாரிக்குப் போன் போட்டார்.

லாரிக்காரர் வந்து ஊற்றினார். மாலைக்குள் காணோம். மறுநாள் இரண்டு நடை ஊற்றினார். அதையும் காணோம்.

"சார், தண்ணி உள்ள இறங்கணும். அப்பத்தான் அடுத்த மழைக்கு..."

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா. ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும்."

பெட்டியில் அச்சடிக்கும் நீல மையை ஒரு வாளி கொண்டுவந்து பள்ளத்தில் கொட்டினார். நீலம் எங்கே எட்டிப் பார்க்கிறதோ அங்கேதான் ஓட்டை. தொழிலாளர்களை ஆளுக்கொரு மூலையில் நிறுத்தி மதில் ஓரம், வாசல், கழிவறை என்று தேடவைத்தார். எங்கும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேருடைய வேட்டி மட்டும் நீலமானது.

அடுத்த நாள் லாரி கொண்டுவந்த தண்ணீர் லேசாக நீலம் பாய்ந்திருந்தது.

"பாத்தியா, எவ்வளவு சுத்தமான தண்ணி! வானமே தெரியுது" என்று மெச்சினார் மேலாளர்.

லாரிக்காரர் வானத்தைப் பார்த்தார். பிறகு அவசரமாகக் குழாயைச் சுருட்டினார்.

அந்தத் தண்ணீரும் போனது. மேலாளர் கொத்தனாரைக் கூப்பிட்டார். செடிகளைப் பிடுங்கி, பள்ளம் முழுக்கத் தார்ப்பாய் விரித்து, மேலே சிமெண்ட் பூசியாயிற்று. மிஞ்சின தண்ணீர் வெளியேற அவள் விட்டிருந்த வாய்க்காலையும் ஓட்டைக் கணக்கில் சேர்த்து அடைத்தார்கள். பிடுங்கிய செடிகள் தொட்டியேறிக் கரையில் வரிசையாக நின்றன. தீயணைப்புத் தொட்டியைத் திறந்துவிட்டுப் பள்ளத்தை நிரப்பினார்கள்.

தண்ணீர் நின்றது. மேலாளர் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

"சார், விளிம்பு வரைக்கும் ரொப்பிட்டீங்க. இப்ப மழை வந்தா..."

"நல்ல காரியம் நடக்குறப்ப மழை கிழைன்னு பேசாதே. வாயைக் கழுவு!"

வெள்ளிக்கிழமை விருந்தினர்கள் வந்தார்கள். மழையும் வந்தது.

கார் நிறுத்துமிடத்துத் தண்ணீர் முழுவதும் வழக்கம்போலப் பள்ளத்தைத் தேடி ஓடியது. உள்ளே இடமில்லை. நேரே கிடங்குக்குள் நுழைந்தது. சற்று நேரத்தில் அட்டைப்பெட்டிகள் ஊர்வலமாக வெளியே வந்தன.

சங்கத் தலைவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கேட்டார். "மழைத்தோட்டம் எங்கங்க?"

"அதுலதாங்க நிக்கறீங்க" என்றார் காவலாளி.

மேலாளர் லாரிக்காரருக்குப் போன் போட்டார். "காலி வண்டியா வாய்யா! உறிஞ்சி எடுத்துட்டுப் போ!"

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா இதைச் செஞ்சே? நல்லாத்தானே இருந்துச்சு? என்ன ஆச்சு, நீயாவது சொல்லு."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் சொல்ல வாய்ப்பு. "சார், தண்ணி..."

லாரி ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது.

லாரிக்காரர் இறங்கி வெள்ளத்தைப் பார்த்தார். சிமெண்டைப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"அடப்பாவமே, அடைச்சிட்டீங்களா? அதான் நேத்துலேருந்து என் கிணறு வத்திக் கெடக்குது."

"உன் கிணறா? எந்தக் கிணறு?" என்றார் முதலாளி.

லாரிக்காரர் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, மேலாளரிடம் தலையைச் சொறிந்தார்.

"நீங்க ஊத்த ஊத்த அங்கதானே சார் ஊறுச்சு, அதைத்தானே வாரம் பூரா உங்களுக்கே கொண்டாந்து ஊத்தினேன். நீலமா வந்த அன்னைக்கே மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன், நீங்கதான் வானம்னுட்டீங்க!"